அத்தை மச்சமும் எட்டு மா நிலமும்

எங்கள் அத்தைக்கு மேலுதட்டுக்குச் சற்று மேலே, இடது பக்கம், ஒரு மச்சம் இருந்தது. மச்சம் என்றதும் பொட்டு வைத்தாற்போல அழகான சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். மிளகு அளவுக்குப் புடைத்துக்கொண்டு, நடுவில் ஒரு முடியோடு இருக்கும். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்து, அத்தை அந்த முடியைக் கண்ணாடி முன் நின்று கத்தரிக்கோலால் வெட்டுவாள். நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பேன். "போடி அந்தாண்ட, பெரிய சினிமா நடக்குது இங்க" என்பாள். நான் போகமாட்டேன்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. பெரியப்பாதான் வீட்டுக்குத் தலைவர். அவர் இருமினால் வீட்டில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அப்பா கட்சிக்காரர். கறுப்புச் சட்டை, நெற்றியில் ஒன்றும் கிடையாது, நல்ல நேரம் கெட்ட நேரம் என்று யாராவது சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார். சும்மா சொல்லக்கூடாது, அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் எப்படித்தான் காலம் தள்ளினார்களோ!

அத்தை பிறந்த வருஷம்தான் வாய்க்காலை ஒட்டிய எட்டு மா நஞ்சை (எங்கள் பக்கத்தில் மூன்று மா ஒரு ஏக்கர்) எங்கள் குடும்பத்துக்கு வந்ததாம். அப்போது ஒரு ஜோசியர் குழந்தை முகத்தைப் பார்த்துவிட்டு, இந்த மச்சம் இந்த முகத்தில் இருக்கிறவரைக்கும் உங்கள் பூமி உங்களை விட்டுப் போகாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். சுமந்தவள் அத்தை. சித்திரையில் வருஷத்து முதல் உழவுக்கு நல்லேர் பூட்டும்போது முதல் பிடி விதைநெல்லை அத்தைதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். நடவு அன்றைக்கு முதல் நாற்றுக்கட்டும் அவள் கை பட்டுத்தான் வயலில் இறங்கும். அன்றைக்கெல்லாம் பெரியப்பா அவளை "மகாலட்சுமி" என்று கூப்பிடுவார். மற்ற நாட்களில் "ஏ புள்ள" தான்.

அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய் ஒரே மாதிரி சொல்லியனுப்பினார்கள். பெண் லட்சணம்தான், குணம்தான், அதை மட்டும் எடுத்துவிட்டால் தேவலை. பெரியப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: "அது முடியாது." இப்படியே போய்ப் போய், அத்தையோடு படித்தவர்களின் குழந்தைகள் என்னோடு பள்ளிக்கூடத்தில் படிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

எனக்கு அந்த மச்சம் பிடிக்கும். தூக்கம் வரும்வரை அதைத் தடவிக்கொண்டே அத்தை பக்கத்தில் படுத்திருப்பேன். ஒருநாள் கையைத் தட்டிவிட்டு அத்தை சொன்னாள்: "நீயாச்சும் அதத் தொடாதடி. கண்ணாடி பாத்தா என் மூஞ்சியே எனக்குத் தெரியல. அதான் தெரியுது."

அந்தச் சமயத்தில்தான் எட்டு மாவுக்கும் வம்பு வந்தது. மற்ற வயல்களை நாங்களே உழுதாலும், அந்த நிலத்தை ரொம்ப காலமாக ஒருவர் குத்தகைக்கு உழுதுவந்தார். அவர் அப்பாவும் அதே நிலத்தை உழுதவர்தான். குத்தகைக்காரர்களை லேசில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்துவிட்டது. ஊருக்கு ஊர் சங்கம், கொடி, ஊர்வலம். எங்கள் பெரியப்பாவோ அவரை நிலத்தைவிட்டு எழுப்பியே தீருவேன் என்று வழக்குப் போட்டார். அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"அண்ணே, அவங்களுக்கும் அதுதாண்ணே சோறு. கூப்பிட்டுப் பேசிச் சமாதானமாப் போயிடலாம்."

"உன் கட்சி மீட்டிங்க மைதானத்துல வச்சுக்க, வீட்ல வேணாம்" என்றார் பெரியப்பா.

ஆனால் வீட்டில் கோர்ட்டுப் பாஷை புரிந்த ஒரே ஆள் அப்பாதான். அதனால் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறியவரும் அவர்தான். மேடையில் உழுகிறவனுக்கே நிலம் என்று கத்துகிற ஆள், காலையில் உழுகிறவனுக்கு எதிராக வக்கீலைப் பார்க்கப் போவார். அம்மா இதைச் சொல்லிக் குத்திக்காட்டாத நாளில்லை. அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வழக்கு வந்ததும் மச்சத்துக்கு மவுசு கூடிவிட்டது. பெரியம்மா தினமும் அதற்குத் திருஷ்டி கழித்தாள். அத்தை முகம் கழுவினால்கூட, "பாத்து, அழுத்தித் தேய்க்காத" என்பாள். அத்தைக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மரு உதிர வேண்டுமானால் உப்பும் மிளகும் வாங்கிக் கோயில் குளத்தில் போடுவார்கள். உப்பு கரைகிற மாதிரி மருவும் கரைந்துபோகும் என்று நம்பிக்கை. ஒரு காலையில் அத்தை என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு, முந்தானையில் உப்பையும் மிளகையும் முடிந்துகொண்டு குளத்துக்குப் போனாள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அத்தை, இது மருவுக்குத்தானே? உனக்கு இருக்கறது மச்சமாச்சே?"

"குளத்துக்கு அதெல்லாம் தெரியவா போவுது? சும்மா இருடி" என்று அத்தை முடிச்சை அவிழ்த்துத் தண்ணீரில் போட்டாள். மிளகு மிதந்தது. அதை மீன்கள் வந்து மோந்துபார்த்துவிட்டுப் போயின. அத்தை படியில் உட்கார்ந்து, கடைசி மிளகு கரை ஒதுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளத்துக்கு எல்லாம் தெரிந்திருந்தது போலிருக்கிறது. மச்சம் அப்படியே இருந்தது. அடுத்து யாரோ சொன்னார்கள் என்று, சுண்ணாம்பையும் துணி துவைக்கிற சோடாவையும் குழைத்து ஈர்க்குச்சியால் தொட்டு வைத்துக்கொண்டாள். ஐயோ, அந்தக் கண்றாவியை ஏன் கேட்கிறீர்கள்! மச்சத்தைச் சுற்றித் தோல் வெந்து, உதடு வீங்கி, மூக்குவரை சிவந்துவிட்டது. பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டாள். வலியில் துடித்தவளைப் பற்றியல்ல, மச்சத்துக்கு ஏதும் ஆகிவிட்டதா என்றுதான் அவளுக்குக் கவலை.

அப்பா வந்து அத்தையின் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கண்டதையும் வச்சு மூஞ்சியக் கெடுத்துக்காதம்மா. இதெல்லாம் டாக்டர்தான் எடுக்கணும். கத்திக்கு முன்னாடி ஒரு ஊசி போடுவாங்க, வலிக்கவே வலிக்காது."

அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நாளைக்கே கூட்டிட்டுப் போண்ணே. பெரியண்ணன் கத்துனா கத்திட்டுப் போறாரு. நீ இருக்கியே."

அப்பா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "இப்ப வேணாம். கேஸ் முடியட்டும்."

அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீயுமாண்ணே?" என்றாள். அப்பா எழுந்து போய்விட்டார். அடுப்படியிலிருந்து அம்மா சத்தமாகவே சொன்னாள்: "கறுப்புச் சட்டைக்குள்ளயும் ஒரு ஜோசியர் இருக்காரு போல."

எனக்கு அப்பாவின் மேல் அப்படி ஒரு கோபம். பள்ளிக்கூடத்தில் என் அப்பா எதற்கும் பயப்படமாட்டார் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அத்தையும் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டாள். சோற்றைப் போட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொள்வாள். வழக்கோ வாய்தா மேல் வாய்தாவாக இழுத்துக்கொண்டே போனது. நடுவில் வந்த ஒரு நல்ல வரனும் தட்டிப்போனது.

கடைசியில் தீர்ப்பு நாள் வந்தது. சம்பா கதிர் முற்றிக் காய்ந்துகொண்டிருந்த நேரம். அப்பா மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினார். பெரியப்பா வாசலுக்கே ஓடிவந்து, "என்னாச்சுடா?" என்றார். அப்பா செருப்பைக் கழற்றினார். கால் கழுவினார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். என்னைக் கூப்பிட்டு, பக்கத்துப் பங்காளி வீட்டுக்காரர்களையெல்லாம் வரச் சொன்னார். ஆள் சேர்ந்ததும், "தங்கச்சி எங்க? கூப்பிடு" என்றார்.

கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அத்தை ஈரக்கையோடு வந்து நின்றாள். "இங்க வா, வெளிச்சத்துல நில்லு" என்று கூடத்தின் நடுவில் அவளை நிறுத்தினார். வழக்கில் ஜெயித்துவிட்டோம், அதற்கு அத்தைக்கு மாலை போடப்போகிறார்கள் என்று நான் நினைத்தேன்.

"கேஸு தோத்துப் போச்சு. அவர எழுப்ப முடியாதுன்னு தீர்ப்பாயிட்டுது. நிலம் இனி நம்ம கைக்கு வராது" என்றார் அப்பா.

பெரியப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். பங்காளிகள் உச்சுக்கொட்டினார்கள். அப்புறம் சொல்லிவைத்தாற்போல எல்லாருடைய கண்ணும் அத்தையின் உதட்டுக்கு மேலே போய் நின்றது.

"நல்லாப் பாத்துக்குங்க" என்றார் அப்பா. "எல்லாரும் பாத்தாச்சா? மச்சம் இருந்த எடத்துலயேதான் இருக்கு. நிலம்தான் போயிருக்கு. நாளைக்கு இவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். யாருக்காச்சும் ஏதாவது சொல்லணுமா?"

பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "என்னமோ பண்ணுங்க" என்றார். அத்தை முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நிலத்துக்காக இவ்வளவு அழுகிறாளே என்று பங்காளி வீட்டுப் பெண்கள் அவளைத் தேற்றினார்கள்.

மறுநாள் தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரி. அடம்பிடித்து நானும் ஒட்டிக்கொண்டேன். டாக்டர் சின்ன வயசுக்காரர். மச்சத்தை விளக்கு வைத்துப் பார்த்தார். பெரிதாகிறதா, ரத்தம் கசிந்ததா, அரிக்கிறதா என்று கேட்டார். பிறகு, "எதுக்கு எடுக்கணும்கிறீங்க?" என்றார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டர் கையைக் காட்டி, "நீங்க இருங்க. அவங்க சொல்லட்டும்" என்றார்.

அத்தை டாக்டரை ஏறிட்டுப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு ஆள்கூட அவளிடம் அதைக் கேட்டதில்லையே! அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "எனக்குப் பிடிக்கல டாக்டர். வேற ஒண்ணுமில்ல."

"அது போதும்மா" என்றார் டாக்டர். சின்னதாக ஒரு தழும்பு மட்டும் இருக்கும், பரவாயில்லையா என்று கேட்டார். அத்தை வேகவேகமாகத் தலையாட்டினாள். மரத்துப்போகிற ஊசி போட்டு, அரைமணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. அதை எனக்குக் கொடுத்துவிடுவார்கள், டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளலாம் என்று ஆசையாக இருந்தேன். சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு புட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சோதனையில் பயப்படும்படி ஒன்றுமில்லை என்று வந்தது. அத்தைக்கும் அடுத்த ஆவணியில் ஒரத்தநாட்டு வாத்தியார் ஒருவரோடு கல்யாணம் நடந்தது. அதெல்லாம் பிற்பாடு.

நான் சொல்லவந்தது அன்றைக்குத் திரும்புகிற பஸ்ஸில் நடந்ததை. அத்தை உதட்டுக்கு மேல் பிளாஸ்திரியோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். நடுவில் நான். அந்தப் பக்கம் அப்பா. ரொம்ப தூரம் வந்த பிறகு, வயலைப் பார்த்துக்கொண்டே அப்பா பேசினார்.

"முன்னாடியே எடுத்திருந்தா, நேத்து தோத்ததுக்கு உன் மூஞ்சியத்தான்மா காட்டியிருப்பாங்க. காலத்துக்கும் சொல்லிச் சொல்லியே உன்னக் கொன்னுருப்பாங்க."

உதடு மரத்திருந்ததால் அத்தைக்கு வார்த்தை குழறியது. "எங்கிட்ட மட்டுமாச்சும் சொல்லியிருக்கலாம்ல? உன்ன என்னென்னமோ நெனச்சுட்டேண்ணே."

"என்னன்னு சொல்லுவேன்? ஜெயிச்சிருந்தா? மச்சம்தான் ஜெயிச்சுக் குடுத்துச்சுன்னு உன்ன சாகுறவரைக்கும் அத எடுக்க விட்டிருக்க மாட்டாங்க. அதுக்கு எங்கிட்ட ஒரு வழியும் இல்ல. எத நம்பி வாக்குக் குடுக்குறது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஜெயிச்சா நல்லதுதானேப்பா?" என்றேன்.

இரண்டு பேரும் என் தலைக்கு மேலாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்க வைக்காதடி, தையல் பிரிஞ்சிரும்" என்று பிளாஸ்திரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து கொட்டியது. அப்பா துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். நான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று தெரியாமல் முழித்தேன்.

அத்தனை வாய்தாவுக்கும் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு போன மனுஷர், எப்படியாவது தோற்றுவிட வேண்டுமே என்று மனசுக்குள் மன்றாடிக்கொண்டேதான் போயிருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.