எல்லாம் ஜேக் என்றவன்

செய்தி செவ்வாய்க்கிழமை காலை வந்தது, தொழிற்சாலையில் லைன் லீட்டின் மேசைத் தொலைபேசிக்கு. லைன் லீட், அதாவது எங்கள் வேலை வரிசையின் மேற்பார்வையாளர், நான்தான். தேவனின் மனைவி வசந்தி அழவில்லை. "ரோட்டெல்லாம் ஐஸ். கார் வழுக்கிப் போச்சுது. இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார். நான் "சரி" என்றேன். தேவனின் மேசையில் கிடந்த சேர்க்கிட் போர்ட்டுகளை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அவனைப்பற்றி எழுதித் தரும்படி வசந்தி கேட்டார். இப்படியான மலர்களை நானும் வாசித்திருக்கிறேன். அவற்றில் இறந்தவர் எல்லோரும் பண்பாளர், பரோபகாரி. தேவனைப் பழகி அறிந்த உங்களுக்கு அது எதற்கு? எனக்கு அவன்மேல் பொறாமை இருந்தது. இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவனைப்பற்றி எழுத எனக்குத் தெரியாது.

இருவருக்கும் ஒரே வயது. அவன் கலியாணம் செய்யுமுன் மோர்னிங்சைட் பகுதியில் ஒரு வீட்டின் நிலவறையில் ஒன்றாகக் குடியிருந்தோம். நான் பொறியியல் பட்டதாரி. அவன் பத்தாம் வகுப்போடு நின்றவன். கனடா வந்த புதிதில் ஒரு முதியோர் இல்லத்தில் நிலம் துடைத்தான். அங்கே எண்பது வயது அமெரிக்கர் ஒருவர் இருந்தார். 1930களின் பஞ்சத்தில் வேலை தேடிச் சரக்கு ரயில்களில் தொற்றி ஊர் ஊராக அலைந்தவர். அந்தக் காலத்துப் பேச்சை அவர் மாற்றவேயில்லை. தேவன் கற்ற இங்கிலீஷ் முழுவதும் அவருடையது. கோப்பி என்றால் ஜாவா. ஓட்டைக் கார் என்றால் ஜலோப்பி. யாராவது புழுகினால் "ஆப்பிள்சாஸ்!" சுகமா என்று கேட்டால், "எவ்ரிதிங்ஸ் ஜேக்", எல்லாம் நல்லபடி. அதுதான் இந்த நாட்டுக்காரர் இன்று பேசும் இங்கிலீஷ் என்று அவன் நம்பினான். குடிவரவு அதிகாரியிடமும் அப்படியே பேசிவிட்டு வந்தான்.

மார்க்கம் என்ற நகரத்துத் தொழிற்சாலையில் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். முதற்கிழமை, எட்டு மணிநேரம் நின்று வேலைசெய்த பின் சப்பாத்தைக் கழற்றியபடி தேவன் சொன்னான்: "மை டோக்ஸ் ஆர் பார்க்கிங்." என் நாய்கள் குரைக்கின்றன, அதாவது, பாதம் உளைகிறது. அந்த வழியால் போன மனேஜர் நின்றார். சிரித்தார். தன் தகப்பன் பூட்ஸ் கழற்றும்போது இதையேதான் சொல்வார் என்றார். அன்றிலிருந்து தினமும் இரண்டு கோப்பியோடு தேவனின் மேசைக்கு வருவார். பக்கத்து மேசையில் நான். என் இங்கிலீஷில் பிழை இராது. என் போர்ட்டுகளில் ஒன்றுகூடப் பழுதென்று திரும்பி வந்ததில்லை. இரண்டு வருடமாக என் பெயர் அவருக்குத் தெரியாது.

லைன் லீட் வேலைக்கு இருவரும் விண்ணப்பித்தோம். இன்ரவியூவுக்கு முதல்நாள், சாப்பாட்டு அறையில் அவனிடம் சொன்னேன்:

"மச்சான், உன்ர இங்கிலீஷ் அறுபது வருசம் பழசு. இப்ப ஒருத்தரும் உப்பிடிக் கதைக்கிறேல்லை."

"சும்மா போடா, ஆப்பிள்சாஸ்."

"உந்தக் கதையைத்தான் சொல்லுறன். உவங்கள் உன்னைப் பாத்துத்தான் சிரிக்கிறாங்கள். கோமாளி எண்டு."

அவன் சாப்பாட்டுப் பெட்டியை மூடினான். "மனேஜருமோ?"

"அவர்தான் முதல்."

அது பொய். சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

"அப்ப என்னடா செய்ய, இஞ்சினியர்?"

"கேக்கிறதுக்கு யெஸ், நோ எண்டு சொல்லு. அவ்வளவு காணும்."

அவன் அப்படியே செய்தான். வேலை எனக்குக் கிடைத்தது. முதலில் வந்து கை கொடுத்தவன் அவன். "கொங்கிராஜுலேஷன்ஸ்" என்றான், என்னைப்போலவே. பழைய தேவன் "ஸ்வெல்", அருமை, என்றிருப்பான். அதன் பிறகு தொழிற்சாலையில் அவன் வாயிலிருந்து அந்தச் சொற்களில் ஒன்றும் வரவில்லை. சில வாரங்களில் மனேஜர் கோப்பியோடு வருவதும் நின்றது. எனக்கும் கொண்டுவரவில்லை.

ஈமச்சடங்கு மண்டபத்துக்கு மனேஜர் வந்திருந்தார். என்னை ஒதுக்குப்புறமாக அழைத்து, இரண்டு வருடமாக மனதில் கிடந்ததைக் கேட்டார். அந்த வேலையைத் தேவனுக்கே கொடுக்க முடிவுசெய்திருந்தாராம். இன்ரவியூ வெறும் சம்பிரதாயம்தானாம். அவன் வாயே திறக்காததால், விருப்பமில்லையாக்கும் என்று நினைத்தாராம். "அன்றைக்கு அவனுக்கு என்ன நடந்தது?" என்றார். நான் தெரியாது என்றேன்.

அவர் தேவனின் நாலு வயது மகளிடம் போனார். புதுச் சப்பாத்தோடு காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். குனிந்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். பிள்ளை தன் காலைப் பார்த்துச் சொன்னது: "மை டோக்ஸ் ஆர் பார்க்கிங்."

மனேஜர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"வீட்டில தகப்பனும் மகளும் எந்த நேரமும் உப்பிடித்தான்" என்றார் வசந்தி. "அந்த அமெரிக்கக் கிழவர் சாகுமட்டும் ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், மூண்டு பேரும் இருந்து கதைப்பினம். வேலையில மட்டும் கதைக்கமாட்டார். இஞ்சினியருக்கு வெக்கமாயிருக்கும் எண்டுவார்."

அவன் அந்தப் பேச்சை விட்டுவிட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். என் காதுபடத்தான் பேசவில்லை. அவனுடைய சவப்பெட்டியருகே நின்றபோதும் அந்தப் பிள்ளைமேல் எனக்குப் பொறாமை வந்தது.

வசந்தி, இதை மலரில் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். மனேஜரிடம் நேற்று நேரில் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

இறப்பதற்கு நாலு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து அவன் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நின்றான். சற்று முன் அவன் சப்பாத்தைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்ததை நான் கண்டேன். "எல்லாம் ஓகேயோ மச்சான்?" என்று கேட்டேன். என்னை ஒருமுறை பார்த்தான்.

"யெஸ்" என்றான்.

அந்த "எவ்ரிதிங்ஸ் ஜேக்" மகளிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது அந்த யெஸ். அது நான் அவனுக்குக் கொடுத்ததுதான்.