பெரிய கிராணி திருத்திய பேசிக்

கம்ப்யூட்டரில் பேசிக் போடுகிற வேலையில் மிஷின் எனக்கு ஒரு நாளும் தொல்லை கொடுத்ததில்லை. தொல்லையெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களாலும், இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த என்னாலும்தான்.

அடுத்தவர் ஆபீசில், அடுத்தவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இதோ, அஞ்சே நிமிஷம்" என்று சொல்லிப் பழகிய சகோதர சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எண்பதுகளின் நடுவில் கிள்ளானில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடையில் இருந்தேன். கோலசிலாங்கூரிலிருந்து சுங்கை பெசார் வரை என் ராஜ்ஜியம். பேசிக் என்பது 10, 20, 30 என்று நம்பர் போட்டு வரி வரியாகக் கட்டளை எழுதுகிற எளிய மொழி. அந்த மொழியை மிஷினுக்குப் புரியவைக்கிற சரக்கு ஒரு டிஸ்கில் இருக்கும். அதைப் போடுவதும், புதுசு வந்தால் பழசை மாற்றுவதும்தான் என் பிழைப்பு. அதில் நான் கெட்டிக்காரன். அடக்கத்துக்காகக்கூட இல்லையென்று சொல்ல மாட்டேன்.

கண்ணுக்குத் தெரியாத சாமான்

கோலசிலாங்கூர் பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்று. அங்கே பெரிய கிராணி, அதாவது ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, வைத்திலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து, பையில் சிவப்பு மைப் பேனா. அவருடைய ஆபீசுக்குள் ஒரு குண்டூசி வந்தாலும் முதலில் புத்தகத்தில் ஏற வேண்டும். புத்தகத்தில் ஏறாத எதுவும் அவரைப் பொறுத்தவரை அந்தத் தோட்டத்தில் இல்லை.

கம்ப்யூட்டரை இறக்கினேன். எழுதினார். பிரிண்டரை இறக்கினேன். எழுதினார். இரண்டு டிஸ்கை நீட்டினேன்; ஒன்று புழங்குவதற்கு, இன்னொன்று ஸ்பேர். எழுதிவிட்டு நிமிர்ந்து, "பேசிக் எண்டு பில்லில கிடக்கு. அது எங்க?" என்றார். டிஸ்குக்குள் இருக்கிறது என்றேன். டிஸ்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, "டிஸ்க் இரண்டு. உள்ளே பேசிக் இருப்பதாகச் சொல்லப்படுகிறது" என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

"தம்பி, நீர் சொல்லுறீர், நான் எழுதுறன். நாளைக்கு இல்லையெண்டா நீர்தான் பொறுப்பு!"

பத்து பத்தாக ஏன்?

அந்த மிஷினில் உட்கார ஆள் வேண்டுமே. லெட்சுமியைக் கூட்டிவந்தார்கள். ஐந்தாம் பாரம் முடித்துவிட்டு, நெர்சரியில் கன்று வைக்கப் பாலிபேக்கில் மண் நிரப்பிக்கொண்டிருந்தவள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து அந்த ஆபீசுக்குள் உட்கார வந்த முதல் ஆள் அவள்தான். தோட்டத்தின் உதவி மேனேஜர் சின்ன துரை ஆறு மாதம் தவணை சொல்லியிருந்தார்: கம்பெனியின் ஏஜென்ட் துரை தோட்டத்தைப் பார்க்க வரும்போது மிஷின் ஒழுங்காக ஓடினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் மறுபடியும் பாலிபேக்தான். நாற்காலிகூட ஸ்டோரிலிருந்து இரவல். பெரிய கிராணி அதைப் புத்தகத்தில் ஏற்றவில்லை. "தற்காலிகம்" என்றார்.

மூன்று வாரத்தில் அவளுக்குப் பேசிக் பிடிபட்டுவிட்டது. தோட்டத்தைப் பிரித்த காடுகளில் எந்தக் காட்டில் எந்த நாள் குலை வெட்டுவது, யாரை அனுப்புவது என்று ஒவ்வொரு காலையும் பெரட்டில், அதாவது ஆள் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்தில், மேஸ்திரியான மண்டோர் வாசிப்பாரே, அந்த லிஸ்டை அடிக்க அவளே ஒரு புரோகிராம் எழுதினாள். நூற்று நாற்பது வரி. எங்கள் கடையிலேயே அப்படி எழுத இரண்டு பேர்தான் இருந்தோம்; மற்றவர் முதலாளி, அவருக்கும் சந்தேகம்தான். சனிக்கிழமைதோறும் பெரிய கிராணி அவளை உட்காரவைத்து, அந்த வாரம் எழுதியதையெல்லாம் ஒரு தடித்த புத்தகத்தில் கையால் பிரதி எடுக்கச் சொல்வார். பிறகு ரூல்தடியை வைத்து வரி வரியாகப் பார்த்து, சிவப்பு மையில் சுருக்கொப்பம் வைப்பார். "மிஷினுக்குள்ளேயே இருக்கிறதே, இது வெட்டி வேலைதானே ஐயா" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வரி நம்பரைப் பத்து பத்தாகப் போடுவது ஏனென்று அவளுக்குப் பாடம் நடத்த வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்: "தெரியும்ணே. பாலிபேக்கை நெருக்கி வெச்சா நாளைக்கு நடுவுல ஒண்ணு வைக்க எடமிருக்காது, உள்ளதும் நெட்டையா வளந்து கெட்டுப்போயிரும்லா."

அரிசிக்குள் டிஸ்க்

சில மாதத்தில் பேசிக் புதுசு வந்தது. எல்லா ஊரிலும் பழசை மாற்றிவிட்டு வா என்றார் முதலாளி. முதலில் சுங்கை பெசாரில் ஒரு அரிசி ஆலைக்குப் போனேன். மிஷினுக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்து மூடியிருந்தார்கள். வாங்கி எட்டு மாதம், ஒரு வரிகூட யாரும் எழுதவில்லை. டிஸ்க் எங்கே என்றேன். ஆலை முதலாளியான சீனத் தவுக்கே அரிசி டின்னைத் திறந்து, முழங்கை வரை விட்டு, இரண்டு டிஸ்கையும் எடுத்துத் தந்தார். தட்டினேன், தவிடு கொட்டியது.

புதிய டிஸ்கிலிருந்து அப்படியே முழு நகல் எடுத்தேன். அப்படி எடுத்தால் பழைய டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்து, புதுசு மட்டும் உட்காரும். அழிய அங்கே என்ன இருந்தது? இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். போகும்போது, டிஸ்கை அரிசிக்குள் வைக்காதீர்கள், கெட்டுவிடும் என்று புத்தி சொன்னேன்.

தவுக்கே டின்னை மூடிக்கொண்டே சொன்னார்: "அரிசியே கெட்டு போக்லே தம்பி, இது மட்டும் எப்படி கெட்டு போகும்லா?"

இருபது நிமிஷத்தில்

அடுத்த நாள் மத்தியானம் செம்பனைத் தோட்டத்துக்குப் போனேன். மறுநாள் காலை ஏஜென்ட் துரை வருகிறார். ஆபீசில் தரை கழுவிக்கொண்டிருந்தார்கள். "நாளைக்குப் பிறகு போடலாமேண்ணே" என்றாள் லெட்சுமி. "புது பேசிக்கோடு துரைக்குக் காட்டினால் உனக்குத்தானே பெருமை" என்றேன். வாய் யாருடையது? கெட்டிக்காரனுடையது. சுங்கை பெசாரில் செய்ததையே செய்தேன், முழு நகல். அதோடு விட்டேனா? "இருக்கட்டும், ஸ்பேரையும் போட்டுவிடுகிறேன்" என்று அதையும் வாங்கிப் போட்டேன்.

லெட்சுமி உட்கார்ந்து டிஸ்கில் இருப்பதையெல்லாம் காட்டச் சொன்னாள். புதிய பேசிக் அழகாக இருந்தது. அவள் புரோகிராம் இல்லை. புரோகிராமின் நகல் வைத்திருந்த ஸ்பேரைப் போட்டாள். அதிலும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரிசி ஆலையில் அழிய ஒன்றுமில்லை. இங்கே அவளுடைய ஐந்து மாத உழைப்பு இருந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானை அடுத்தவர் வீட்டின்மேல் விழுந்தால் என்ன சொல்வார்களோ தெரியவில்லை. நிஜமாகவே பயந்துபோனேன்.

அவள் அழவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "நான் நெர்சரிக்குப் போயிருவேண்ணே. நீங்க எங்க போவீங்க?"

எல்லாக் காட்டிலும் முனியாண்டி

பெரிய கிராணி அலமாரியைத் திறந்தார். தடித்த புத்தகத்தை எடுத்து மேசையில் விரித்தார், கண்ணாடியை மாட்டினார், பெரட்டில் பேர் கூப்பிடுகிற குரலில் ஆரம்பித்தார்: "பத்து!" லெட்சுமி அடித்தாள். "இருபது!" அடித்தாள். காற்புள்ளி, மேற்கோள் குறி ஒன்று விடாமல் வாசித்தார். வெட்டி வேலை என்று நான் சொன்ன அந்தப் பிரதியைத் தவிர உலகத்தில் அந்தப் புரோகிராம் வேறெங்கும் இல்லை. நூற்று நாற்பது வரியும் முடியும்போது மணி நாலரை.

ஓட்டினோம். பிரிண்டர் ஓடத் தொடங்கியது. பத்தாம் காடு, முனியாண்டி. அதன் கீழே முனியாண்டி. அதற்கும் கீழே முனியாண்டி. தாள் மடிந்து மடிந்து தரைக்கு வந்தது. நிற்கிற பாடாக இல்லை. சுவிட்சை அணைத்தேன்.

லெட்சுமி புத்தகத்தைப் புரட்டினாள், ஒரு பக்கத்தில் நின்றாள். எட்டிப் பார்த்தேன். ஒருவர் பேரை அடித்ததும் அடுத்தவருக்குப் போக அவள் எழுதிய வரி N = N + 1. பெரிய கிராணி சிவப்பு மையில் முதல் N-ஐ அடித்து, M = N + 1 என்று திருத்தி, பக்கத்தில் ஒப்பமும் வைத்திருந்தார். அவர் கணக்கில் எந்த எண்ணும் தன்னோடு ஒன்றைக் கூட்டினால் தனக்கே சமமாகாது, அது பிழை. பிழையைப் பார்த்தால் அவர் விடமாட்டார். திருத்தம் புத்தகத்தில்தான் இருந்தது, மிஷினில் இல்லை. அதனால் இத்தனை நாள் லிஸ்ட் பிழையில்லாமல் வந்தது. N நகராமல் ஒன்றிலேயே நின்றதால் முனியாண்டியே எல்லாக் காட்டுக்கும் போனார்.

தவணையில் இருக்கிற பெண், பெரிய கிராணியின் சிவப்பு மையைப் பிழை என்று எப்படிச் சொல்வாள்? நான் சொல்லியிருப்பேன். ஆனால் அன்றைக்கு எனக்கு வாய் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அவள் எழுந்து நின்றாள். "ஐயா, இது சமம்னு சொல்லலை. நேத்து வரைக்கும் உள்ளதோட இன்னைக்கு ஒண்ணு சேத்து, அதே கட்டத்துல எழுதுறோம். நீங்க தெனம் ஸ்டோர் புத்தகத்துல செய்யுறதுதான்."

அவர் ரூல்தடியை அந்த வரிக்குக் கீழே வைத்தார். பிறகு தன் திருத்தத்தைத் தானே குறுக்கே அடித்து, பழையபடி N என்று எழுதி, ஒப்பம் வைத்தார். அந்த ஆபீசில் அவர் தன் கையெழுத்தை அடித்ததை அதுவரை எவரும் பார்த்ததில்லையாம். பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "இதை அண்டைக்கே சொல்லியிருக்க வேணும், பிள்ளை. எனக்குப் பயந்தா வேலை எப்பிடி நடக்கும்?"

நாற்காலி ஒன்று

மறுநாள் காலை நானும் நிற்க, பெரட்டில் மண்டோர் லிஸ்டை வாசித்தார். முனியாண்டி ஒரே ஒரு காட்டுக்குப் போனார். ஏஜென்ட் துரை தாளை வாங்கிப் பார்த்தார், மிஷின் படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பெரிய கிராணி தடித்த புத்தகத்தை நீட்டினார். துரை புரட்டினார், சிவப்பு மைக்குமேல் சிவப்பு மையைக் கண்டு, இது யார் திருத்தியது என்றார். "லெட்சுமி" என்றார் பெரிய கிராணி. ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை.

துரை கார் ஏறியதும் சின்ன துரை வந்து லெட்சுமியிடம் வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அப்போதுதான் அழுதாள். பெரிய கிராணி வருகைப் புத்தகத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினார். முந்தின நாள் வரிசையில் 'வந்த காரியம்' என்ற கட்டத்தில் அவர் எழுதியிருந்தது: "புதிய பேசிக் போட்டார். புரோகிராமை அழித்தார். தேநீர் குடித்தார்." மூன்றும் உண்மை. கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு ஆபீஸ் தளவாடப் புத்தகத்தைத் திறந்து, "நாற்காலி ஒன்று, லெட்சுமி" என்று எழுதினார். மை காயும்வரை ஊதினார், அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"புத்தகத்தில ஏறிட்டுது, பிள்ளை. இனி இதை ஆரும் எடுக்க ஏலாது."

எட்டு வருஷம் ஊர் ஊராகப் பேசிக் போட்ட கெட்டிக்காரன் நான், அதில் பிழையில்லாமல் கற்றுக்கொண்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான்: ஸ்பேரைத் தொடாதே.