பழம் தடவின விரல்

சங்கரபாண்டி அண்ணாச்சியை நினைச்சாலே எனக்கு முதல்ல கோவம்தான் வருது. சுகர் கூடிட்டா ஊருல எல்லாரும் மறைப்பாங்க. இந்த மனுசன் இல்லாத சுகரைக் கூட்டிக் காட்டினாரு. இப்படி ஒரு கூத்தை நீங்க எங்கயாவது கேட்டிருக்கியளா?

சங்கரன்கோவில்ல எங்க வீட்டுக்கு அடுத்த வீடு அவருக்கு. புளியங்குடி பஸ்ஸுல ரொம்ப வருசம் கண்டக்டரா இருந்தவரு. வாய் ஓயாத ஆளு. எலுமிச்சம்பழ மூட்டையோட ஏறுத பொம்பளைட்ட, வீட்டுல என்ன குழம்புன்னு விசாரிச்சுட்டுத்தான் டிக்கெட்டே கிழிப்பாரு. ரிட்டயர் ஆனாரு, சம்சாரம் பூமாரி மதினியும் போய்ச் சேர்ந்துட்டாவ. அதோட அந்த வீட்டுல பேச்சுச்சத்தம் நின்னுபோச்சு. நான் மாடத்தி, கடைகளுக்கு நைட்டி தைச்சுக் குடுக்கேன். தையல் மிஷினை நிப்பாட்டினா, அவரு டிவிக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்கது கேக்கும். பாவமா இருக்கும்.

ஒரே மக பிரேமலதாவுக்கு பெங்களூர்ல வேலை. அண்ணாச்சிக்குச் சுகர், தினம் இன்சுலின் ஊசி போடுதவரு. விரல்ல குத்தி சுகர் பாக்குத மிஷினை அவதான் வாங்கி அனுப்பினா. தினம் காலையில வெறும் வயித்துல பாத்து, நம்பரை போட்டோ புடிச்சு வாட்ஸப்புல போட்டிருவாரு. நம்பர் நல்லா இருந்தா பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒண்ணு வரும். அன்னைய பொழுதுக்கு அவ்வளவுதான் பேச்சு. அவளையும் குத்தஞ்சொல்ல முடியாது, கைப்பிள்ளையும் வேலையுமா அவ பாடு அவளுக்கு.

அமாவாசைக்கு அமாவாசை மதினிக்குன்னு காக்காவுக்குச் சோறு வைப்பாரு. சோத்துல நெய், பருப்பு, கனிஞ்ச வாழைப்பழம் எல்லாம் போட்டுப் பிசைஞ்சு மதில் மேல வச்சுட்டு, காக்கா வந்து எடுக்குத வரைக்கும் பச்சத்தண்ணி குடிக்க மாட்டாரு. ஒரு அமாவாசைக்கு, பிசைஞ்ச கையைத் துண்டுல துடைச்சுட்டு அப்படியே விரலைக் குத்திட்டாரு. முன்னூத்திப் பன்னெண்டு! போட்டோ போன கையோட போன் வந்துட்டு. என்ன சாப்பிட்டீங்க, யாரு சமைச்சா, தூங்கினீங்களா, காலு மரத்துப்போகுதா? அரை மணி நேரம் பேசினா பிள்ளை. அவ வச்ச பெறகு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத் திரும்பப் பாத்தா நூத்தி இருபத்தெட்டுதான். விரல்ல ஒட்டியிருந்த பழம் பண்ணின வேலை.

அப்பமே அதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா? சொல்லல. நாலு நாள் கட்டைவிரல் படமா வந்துச்சு. அஞ்சாம் நாள் ஒரு பழத்தை உரிச்சு, வேணும்னே விரல்ல தடவிட்டுக் குத்தினாரு. பிரேமா கூப்பிட்டா. பெறகு அதுவே பழக்கமாப் போச்சு. பழத்தைத் திங்கணும்னு ஒரு ஆசையும் இல்ல அவருக்கு, தடவினது போக மிச்சத்தை மதில் மேல வச்சிருவாரு.

பயந்துபோன பிள்ளை அந்த நம்பரையெல்லாம் டாக்டர்ட்ட காட்டினா. அவரு இன்சுலினைக் கூட்டச் சொல்லிட்டாரு. "வீடியோவுல வாங்கப்பா, நீங்க ஊசி போடுததை நான் பாக்கணும்"னு ஒத்தக்கால்ல நின்னா. உண்மையைச் சொல்ல வெக்கம். மக முகத்தைப் பாத்துக்கிட்டே, தேவைக்கு மேல மருந்தை வயித்துல குத்திக்கிட்டாரு இந்த மகராசன்.

அப்படிப் போட்டுக்கிட்ட ஒருநாள் காலையில, உறை மோர் கேட்டு நான் போறேன், வாசப்படியில உக்காந்திருக்காரு. சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு, கை நடுங்குது. என்னைப் பாத்து, "உள்ள போங்க, உள்ள போங்க. சில்லறை வச்சிருக்கியாம்மா?"ன்னு கேட்டாரு. எங்க அம்மைக்கும் சுகர் இருந்துச்சு, இறங்கினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஓடிப்போய் சீனியைத் தண்ணியில கரைச்சு, கொஞ்சங்கொஞ்சமாக் குடிக்க வச்சேன். விரலைக் கழுவித் துடைச்சுக் குத்தினா நாப்பத்தாறு காட்டுது. கொஞ்ச நேரம் கழிச்சுக் கண்ணு தெளிஞ்சு, "மாடத்தியா?"ன்னாரு. திரும்பப் பாத்தேன், ஏறியிருந்துச்சு. ரெண்டு இட்லியைத் திங்க வச்ச பெறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு. எல்லாத்தையும் அப்பந்தான் சொன்னாரு.

"கிறுக்கு புடிச்சிருக்கா அண்ணாச்சி உங்களுக்கு? உசுரு போயிருக்கும்லா! மகட்ட பேசணும்போல இருந்தா, கூப்பிடும்மான்னு சொல்ல வேண்டியதுதான?"

"என்னத்தச் சொல்லிக் கூப்பிட, மாடத்தி? நல்லாயிருக்கேன்னு சொன்னா, சரிப்பான்னு வச்சிருதாளே."

மகட்ட சொல்லாத, சொல்லாதன்னு கையைப் புடிச்சாரு. நான் விடல. பிரேமாவைக் கூப்பிட்டு ஒண்ணுவிடாமச் சொல்லிட்டேன். மொதல்ல டாக்டர்ட்ட கேட்டு அந்த இன்சுலினைச் சரிபண்ணுன்னும் சொன்னேன். அந்தப் பக்கம் அழுதா. அழுது முடிச்சுட்டு, "அப்பாட்ட குடுங்க அத்தை"ன்னா. ஸ்பீக்கர்ல போட்டுக் குடுத்தேன்.

"அப்பா, நம்பர் எதுவா இருந்தாலும் நான் தினம் கூப்பிடுதேன். இப்ப பேசுங்க. என்ன வேணும்னாலும் பேசுங்க."

அண்ணாச்சி போனை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு இருந்தாரு.

"சாப்டியாம்மா?"

"சாப்டேம்ப்பா."

"பிள்ளை?"

"தூங்குதான்."

"சரி."

"வேற என்னப்பா?"

"வேற... ஒண்ணும் இல்லம்மா."

சுகரை விட்டா, அப்பனுக்கும் மகளுக்கும் பேச ஒரு வார்த்தை இல்ல. அங்கனயும் சத்தம் இல்ல, இங்கனயும் சத்தம் இல்ல. ஆனா ரெண்டு பேருமே போனை வைக்கல. நான் மெதுவா எந்திரிச்சு எங்க வீட்டுக்கு வந்துட்டேன்.