யாரும் கழற்றச் சொல்லாத பல்செட்

1986 ஜூலை 9, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து, கணவர் விழிக்குமுன் பல்செட்டை மாட்டிக்கொண்டேன். சாம்பார் இல்லாமல் இரண்டு இட்லி. நான்காம் வகுப்புக்கு வருகைப்பதிவு எடுத்துவிட்டு, அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்து, இண்டூரில் கணவருடன் தருமபுரி பஸ் ஏறினேன். என் வாயிலிருந்து வெட்டியெடுத்த சதைத் துணுக்கு புற்றா இல்லையா என்று அன்று சொல்வார்கள்.

எரிச்சல் தொடங்கி இரண்டு வருடம். காரம் பட்டால் கண்ணில் நீர் வரும். இடது வாயோரத்தின் உட்புறம் ஒரு வெள்ளைப் படலம். டைரியைப் புரட்டி எண்ணினேன்: மூன்று டாக்டர்கள், ஒன்பது தடவை.

“வாய்ச் சூடுங்க டீச்சரம்மா, மோர் குடிங்க” என்றார் ஒருவர்.

“பொகையில போடறீங்களா? இல்லீல்ல? அப்பறம் என்ன பயம்?” என்று சிரித்தார் இன்னொருவர்.

ஒன்பது தடவையும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை. ஒன்பது தடவையும் நாக்கை மட்டும் நீட்டச் சொன்னார்கள். என் மேல்வரிசை முழுவதும் கட்டிய பல் என்று அவர்களுக்குத் தெரியும். டீச்சரம்மாவிடம் அதைக் கழற்றச் சொன்னால் மரியாதையாக இருக்காதாம். அந்த மரியாதையை நான் கேட்டேனா?

மூன்று வாரங்களுக்கு முன்புதான் தருமபுரியில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனோம். சின்ன வயது. எடுத்த எடுப்பில், “செட்டக் கழட்டுங்கம்மா” என்றார்.

நான் கணவரைப் பார்த்தேன். “நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.”

“ஆறு வருசமா வூட்டுல கதவச் சாத்திக்கிட்டுத்தான் கழுவற. இங்கயுமா?” என்று முனகிக்கொண்டே போனார்.

“ராத்திரியில கழட்டி வெப்பீங்களா?” என்றார் டாக்டரம்மா.

“போட்டுக்கிட்டேதான் தூங்குவேன்.”

கழற்றாத பல்லுக்கு அடியில் கேண்டிடா (வாயில் வளரும் ஒருவகைப் பூஞ்சை) பரவியிருந்தது. டாக்டரம்மா பஞ்சால் வெள்ளையைத் துடைத்தார். துடைத்தால் வந்துவிடும் வெள்ளை என்றால் பயமில்லை, என்னுடையது வரவில்லை. அதனால்தான் பயாப்ஸி (சதைப் பரிசோதனை).

ஒரு துண்டுப் பஞ்சு, ‘கழட்டுங்க’ என்று ஒரு சொல். அதற்கு இரண்டு வருடமா? என் மேலும் கோபம்தான். மழை பெய்த நேரம்வரை குறித்த டைரியில், பல்லைக் கழற்றினேன் என்று ஒரு வரி இல்லை. ராத்திரி கழற்றி வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்ன பிறகும் விளக்கை அணைத்துவிட்டே கழற்றினேன்.

அந்தப் புதன்கிழமை தருமபுரியில் முடிவு வந்திருந்தது. புற்று இல்லை. ஆனால் செல்கள் லேசாக மாறத் தொடங்கியிருந்தன.

“இப்ப இல்லீங்கம்மா,” என்றார் டாக்டரம்மா. “பூஞ்சைக்குக் குடுத்த மருந்த விடாதீங்க. மூணு மாசத்துக்கு ஒருதடவ வந்து காட்டுங்க.”

இனி என் காலண்டரில் வருடத்துக்கு நான்கே தேதிகள். உங்கள் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே கழற்றிக் காட்டுங்கள்.

ஜூலை 10. ஐந்து மணி. பல்செட் டம்ளர் தண்ணீரில் கிடந்தது. அதை எடுக்கவில்லை. கணவரை எழுப்பி, டார்ச்சையும் பஞ்சையும் கையில் கொடுத்து, “எடப்பக்கம் தொடச்சுப் பாருங்க” என்றேன். பல்லில்லாத வாயை அவர் முன் திறந்தது அதுவே முதல் தடவை.