கால் கழுவத் தண்ணீர்

வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கத்துக் கிராமங்களில் தனுஷாவைத் தெரியாத கர்ப்பிணி இல்லை. குடும்பநல மாது. ஸ்கூட்டியில் வந்து படலையில் நின்று ஹோர்ன் அடிப்பாள், இரத்த அழுத்தம் பார்ப்பாள், இரும்புச்சத்து மாத்திரையைத் தோட்டத்துக்குள் எறிந்தவளைக் கண்டுபிடித்து ஏசுவாள். "மிஸ் நல்லவ, ஆனாச் சிரிக்க மாட்டா" என்று அங்கே சொல்வார்கள். எனக்குக் கேட்க ஒரு மாதிரி இருக்கும். நானூறு பேர் இருந்த மண்டபத்தை ஒற்றைக் கண் சிமிட்டலில் சிரிக்கவைத்தவள் அவள். அவளுடைய சிரிப்பைப் பறித்ததில் பாதிப் பங்கு என்னுடையது.

2011இல் எங்களுக்குப் பதினாறு வயது. பழுகாமத்தில் ஒரே வகுப்பு, பக்கத்துப் பக்கத்து மேசை. தமிழ்த்தினப் போட்டிக்கு நாடகம் எழுதியது நான். எனக்கு வாய் நீளம். பேனை அதைவிட நீளம். எங்கள் பக்கத்தில் அம்மன் சடங்கின்போது தெய்வம் ஆடுகிறவர்கள், குறை கேட்டு வருகிறவர்களுக்கு வாக்குச் சொல்வார்கள். கட்டுச் சொல்வது என்போம். என் நாடகத்தில் ஒரு பொய்க்காரி கட்டுச் சொல்வாள். காளையைத் தொலைத்த ஒருவன் அவளிடம் வருவான். அவள் உடலை முறுக்கி, கண்ணை உருட்டி, "மூணு வெள்ளாமை வெட்டுக்குள்ள மேற்கால வரும். தேடி அலையாத. கால் கழுவத் தண்ணி வை" என்பாள். காளை அவள் வீட்டு வளவுக்குள்தான் கட்டிக்கிடக்கும். மாட்டுக்குக் கால் கழுவத் தண்ணீர் என்ற இடத்தில் சனம் உருண்டு சிரிக்கும். அந்த வரியை எழுதிவிட்டு நான் இரண்டு நாள் நிலத்தில் நடக்கவில்லை.

பொய்க்காரியாகத் தனுஷா. உடுக்குக்குப் பதிலாக ஒரு பிஸ்கட் தகரம், அதைத் தட்ட எங்கள் வகுப்புச் சிவதர்ஷன். வேப்பிலைக்குப் பச்சைக் கடுதாசி. கல்வி வலயத்தில் முதலிடம் எங்களுக்கு.

அதைப் பார்த்த இளைஞர் கழகம் ஒன்று, வாவிக்கு மேற்கே நாலு ஊர்களில் நாடகத்தைப் போடக் கேட்டது. முதல் ஊரில் கோயில் முற்றத்தில்தான் மேடை. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி. வரும் வழியில் சிவதர்ஷன் பஸ்ஸில் தகரத்தின் மேலேயே குந்தி அதைச் சப்பையாக்கிவிட்டான். கோயில்காரர் ஒருவர் எங்கள் முழியைப் பார்த்து இரங்கி உள்ளே போய் உடுக்கைக் கொண்டுவந்து தந்தார். பக்கத்தில் வேப்பமரம் நின்றது. கடுதாசி எதற்கு என்று கொப்பை முறித்தோம். யாரோ ஒரு அக்கா செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்துத் தந்தா. எல்லாம் அசலாகக் கிடைத்துவிட்டதென்று எங்களுக்கு ஒரே பெருமை. என்ன செய்கிறோம் என்று நாடகத்துக்குப் போன எட்டுப் பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சிவதர்ஷன் பால்குடி வயதிலிருந்து சடங்கில் உடுக்குக் கேட்டு வளர்ந்தவன். தகரத்தில் கோமாளித்தனமாகத் தட்டிய கை, தோலில் பட்டதும் தானாகவே சரியான அடிக்குப் போய்விட்டது. தனுஷா தலைமுடியை விரித்துக்கொண்டு வேப்பிலையோடு வெளியே வந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு எங்கோ பின்னாலிருந்து ஒரு பெண் குரவை போட்டாள். இன்னொருத்தி போட்டாள். முற்றம் முழுக்கக் குரவை எழுந்தது. நான் திரைக்குப் பின்னால் வசனக் கொப்பியோடு நின்று, சனம் நாடகத்தில் சேர்ந்துவிட்டது என்று மகிழ்ந்துபோனேன். அவ்வளவு பெரிய மடைச்சி நான்.

பாயிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு கையையும் கூப்பியபடி மேடையில் ஏறினாள். காளைக்காரனாக நடித்தவன் ஒதுங்கி வழி விட்டான்.

"தாயே, என்ட மகன் உதயரூபன். வயல் வட்டைக்குக் காவலுக்குப் போன இடத்தில புடிச்சிட்டுப் போனாங்க. நாலு வருசம். புள்ள எங்கம்மா? வருவானா?"

உடுக்கு நின்றது. தனுஷா திரைப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். மையிட்ட அந்தக் கண்கள் கேட்டது எனக்கு நன்றாக விளங்கியது: என்ன சொல்ல?

திரையை இழுத்து மூடியிருக்கலாம். ஓடிப்போய், அம்மா இது நாடகம் என்று சொல்லியிருக்கலாம். பதினாறு வயதில் எனக்கு ஒரே பயம், நாடகம் நின்றுவிடும் என்பதுதான். கொப்பியில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். காளைக்கு எழுதிய வசனம்.

தனுஷா சொன்னாள். "மூணு வெள்ளாமை வெட்டுக்குள்ள மேற்கால வருவான். தேடி அலையாத. கால் கழுவத் தண்ணி வை."

அந்தப் பெண் மஞ்சள் தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள், மிச்சத்தைத் தலையில் தடவினாள், இறங்கிப் போனாள். மறுபடியும் குரவை. திரையை அப்போதுதான் மூடினோம்.

உடுக்கை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டோம். மற்ற மூன்று ஊரிலும் ஒரு புதுத் தகரத்தைத்தான் தட்டினோம். சனம் உருண்டு சிரித்தது.

அந்தப் பெண்ணின் பெயர் ஆச்சிப்பிள்ளை என்றும், காணாமல் போன பிள்ளைகளின் படத்தோடு நகரத்தில் நிற்கும் தாய்மாரில் முன்வரிசையில் நின்றவள் என்றும் பிறகு அறிந்தோம். நாடகம் நடந்த மாதத்தோடு அவள் வருவதை விட்டுவிட்டாளாம். "கட்டுச் சொல்லியாச்சு, அவன் வருவான்" என்றாளாம். இதைக் கேட்ட நாளில் தனுஷாவுக்குக் காய்ச்சல். மூன்று வெள்ளாமை வெட்டும் முடிந்தது. யாரும் வரவில்லை.

தனுஷா அதன்பிறகு மேடை ஏறவே இல்லை. நாடகம் படிக்கக் கூப்பிட்டார்கள், போகவில்லை. "ஏறினா ஆரோ எழும்பி வாற மாதிரிக் கிடக்கு மச்சாள்" என்பாள். கலியாணத்தன்றுகூட மணவறையில் இருந்துகொண்டு மாப்பிள்ளையைப் பார்க்காமல் சனத்தையே பார்த்தாள். அவள் யாரைத் தேடுகிறாள் என்று எனக்கு மட்டும் தெரியும். மாமி வீட்டார் பெண்ணுக்கு வெட்கமில்லை என்று குறை சொன்னார்கள்.

போன வருடம் மாற்றலாகி அந்தப் பகுதிக்கே போனாள். கர்ப்பிணிகளின் பட்டியலில் ஒரு பெயர்: பிரஷாந்தி, வயது இருபத்திரண்டு, தாய் பெயர் ஆச்சிப்பிள்ளை. கடமை; போகாமல் இருக்க முடியாது. போனாள். படலைக்கு உள்ளே ஒரு வாளி நிறையத் தண்ணீர், மேலே ஒரு சிரட்டை மிதந்தது. ஸ்கூட்டியை அதன் பக்கத்தில் நிறுத்தப் போனபோது பிரஷாந்தி ஓடிவந்தாளாம்.

"அதுல முட்டிராதீங்க மிஸ். அண்ணன் வந்தாக் கால் கழுவ அம்மா வைக்கிறவ. ஒவ்வொரு நாளும் மாத்துவா."

வீதிக்கு வந்ததும் எனக்குத்தான் போன் எடுத்தாள். மெல்ல மெல்ல விசயத்தைச் சொன்னாள். காணாமல் போனவர்களின் விபரம் பதிய அடுத்த மாதம் ஆட்கள் வருகிறார்கள். தெய்வம் சொன்னபடி அவன் வருவான் என்று ஆச்சிப்பிள்ளை பதியப் போவதில்லையாம். பதியாவிட்டால் உதயரூபன் என்ற ஒருவனை யாரும் தேடப் போவதுமில்லை.

"உண்மையச் சொல்லப் போறன். எழுதினது நீ. நீயும் வா."

ஞாயிறு காலை இரண்டு பேரும் போனோம். அந்த வாளியைத் தாண்டும்போது நான் குனிந்தே பார்க்கவில்லை. ஆச்சிப்பிள்ளை மாமரத்தடியில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தா. மகளுக்கு ஏதாவதோ என்று பதறி எழுந்தா. தனுஷா சீருடையில் இல்லை. நின்றபடியே, நிறுத்தாமல், எல்லாவற்றையும் சொன்னாள். பொய்க்காரி, காளை, கொப்பி, பிஸ்கட் தகரம். சொல்லி முடித்து, "என்ன மன்னிச்சிருங்க அம்மா" என்று காலில் விழப் போனாள்.

ஆச்சிப்பிள்ளை அவள் தோளைப் பிடித்து நிறுத்தினா.

"தெரியும் மனே," என்றா, பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி.

எனக்கு விளங்கவில்லை.

"அடுத்த கிழமை மற்ற ஊரில போட்டீங்களே, அங்க நடந்து வந்தன். ஆரு வச்சிருக்கான், எந்த இடத்தில எண்டு இன்னொருக்காக் கேப்பமெண்டு. நீ மாட்டுக்கு அதே கட்டைச் சொன்னாய். சனம் சிரிச்சிச்சு. நான் வந்த வழியே கிறுகி வந்திட்டன்."

"பிறகு ஏன்..." என்று நான்தான் வாயைத் திறந்தேன்.

அவ என்னைப் பார்க்கவில்லை. நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே சொன்னா. "இவள் பிரஷாந்திக்கு அப்ப எட்டு வயசு. நான் படத்தத் தூக்கிட்டு ஊரூராத் திரிய, இவள் பசியோட படலைக்குள்ள குந்திக்கிடப்பாள். எனக்கு ஏலாமப் போச்சு. மகனத் தேடுறத விட்டுட்டன் எண்டு ஒரு தாய் வாயால சொல்லலாமா? தெய்வம் அலையாத எண்டிச்சு எண்டால் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நாளைக்கு மகனே வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்ல இருந்தன்." கால் நின்றது. "இப்ப வந்து ஏன்கா சொன்னீங்க? நான் நம்பினன் எண்டே செத்திருப்பனே."

பதினாலு வருடமாக நாங்கள் அவவைப் பொய்யால் கட்டிப்போட்டோம் என்று நினைத்திருந்தோம். அந்தப் பொய்யின் நிழலில்தான் அவ குந்தியிருந்திருக்கிறா. அதையும் நாங்கள் பிடுங்கிவிட்டோம். வரும் வழியெல்லாம் தனுஷா அழுதாள். நானும்தான்.

பதிவு நாளன்று காலையில் ஆச்சிப்பிள்ளை தனுஷாவுக்கு போன் எடுத்திருக்கிறா. "துணைக்கு வா மனே." நான் விடுப்புப் போட்டுக்கொண்டு போனேன். பொதுமண்டபம், பிளாஸ்டிக் கதிரைகள், மின்விசிறி. ஆச்சிப்பிள்ளை மகனின் படத்தைச் சேலைத் தலைப்பால் மூடி வைத்திருந்தா. முறை வந்ததும் மேசைக்கு முன்னால் இருந்தா. பின்னால் நாங்கள் இருவரும், எங்களுக்குப் பின்னால் ஊரில் பாதிச் சனமும்.

பதிந்தவர் இளம் ஆள், மரியாதையாகத்தான் கேட்டார். பெயர், வயது, போட்டிருந்த உடுப்பு. பிறகு பழைய கடுதாசிகளைப் புரட்டினார். "அம்மா, 2011 வரைக்கும் எல்லா இடத்திலயும் உங்கட முறைப்பாடு கிடக்கு. அதுக்குப் பிறகு ஒண்டுமே இல்ல. ஏன் தேடாம விட்டீங்க?"

ஆச்சிப்பிள்ளை படத்தைச் சேலையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தா. அவ திரும்பித் தனுஷாவைப் பார்த்தா. பதினாலு வருடத்துக்கு முன் மேடையிலிருந்து தனுஷா என்னைப் பார்த்த அதே பார்வை. எடுத்துக் கொடுக்க இந்த முறை என் கையில் கொப்பி இல்லை.

தனுஷா எழுந்து மேசையருகே போனாள்.

"அவ விடல்ல சேர். கோயில்ல கட்டுக் கேட்டவ. மகன் வருவான், தேடி அலையாத எண்டு தெய்வம் சொன்னது. அந்தச் சொல்ல நம்பித்தான் வழி பாத்துக்கொண்டிருந்தவ."

"ஆரு சொன்னது?"

"நான்தான். எனக்குத்தான் தெய்வம் வந்தது."

அவள் குரல் ஒரு துளியும் பிசகவில்லை. கதிரைகளில் இருந்த பெண்கள் கை கூப்பினார்கள். அவர் நிமிர்ந்து அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். ஆச்சிப்பிள்ளை சேலைத் தலைப்பை விலக்கி, மகனின் படத்தை மேசையில் வைத்தா.