எல்னா பழசாக்கிய கோட்டு

எல்னா லஹ்திக்கு வேலை, புதுக் கோட்டைப் பழசாக்குவது. மினசோட்டாவின் வடகோடியில், ஏரியும் பைன் காடும் இரும்புச் சுரங்கமும் விட்டால் வேறெதுவும் இல்லாத ஊரில், கிரெய்க்கின் பட்டறையில் பத்தொன்பது வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். மெழுகு ஏற்றிய கித்தான் கோட்டு, தையல் மேசையிலிருந்து அட்டைப்பெட்டி மாதிரி விறைத்துக்கொண்டு அவளிடம் வரும். அவள் கையை விட்டுப் போகும்போது, யாரோ ஒருவர் அதை மாட்டிக்கொண்டு முப்பது வருஷம் பனியிலும் சேற்றிலும் அலைந்துவிட்டு இப்போதுதான் கழற்றி ஆணியில் தொங்கவிட்டதுபோல இருக்கும்.

முழங்கையை உப்புத்தாளால் தேய்ப்பாள். பித்தளைப் பொத்தான்களை வினிகரில் ஊறப்போட்டுக் களிம்பேற்றுவாள். பைகளில் கூழாங்கல்லை நிரப்பி இரண்டு நாள் தொங்கவிட்டால் பையின் வாய் தொய்ந்து பிளக்கும். காலர் மடிப்பில் வால்நட் ஓடு கொதிக்கவைத்த கஷாயத்தைப் பூசினால் பல வருஷத்து வியர்வைக் கறை வந்துவிடும். கடைசியாகத் தோள்பட்டை. பழைய பயணப் புகைப்படங்களில் எல்லாருடைய கோட்டிலும் மூட்டையின் வார் உராய்ந்து தோள் வெளுத்திருக்கும். வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான். அதனால் அங்கே மட்டும் நுரைக்கல்லை வைத்து, கை ஓயும்வரை தேய்ப்பாள்.

வாங்குகிறவர்கள் வக்கீல்கள், பல் மருத்துவர்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள். கம்பளிச் சட்டை, எண்ணெய் விட்ட தோல் பூட்ஸ், மூடிபோட்ட திசைகாட்டி என்று தாத்தா காலத்துச் சாமான்களைத் தேடித் தேடிச் சேர்ப்பார்கள். ஊரில் பலபேர் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எல்னா சிரித்ததில்லை. கேலி பேசவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

அவளுடைய கணவன் வெஸ்லி சுரங்கத்தில் லாரி ஓட்டியவன். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடதுபக்கம் விழுந்துவிட்டது. எல்னா ஐந்து மணிக்கு எழுந்து அவனைக் குளிப்பாட்டி, ஓட்ஸ் கஞ்சி ஊட்டி, பக்கத்து வீட்டு டோரிஸிடம் ஒப்படைத்துவிட்டு இருபத்திரண்டு மைல் காரோட்டி வேலைக்குப் போவாள். திரும்பி வந்தால் சமையல், துணி, அவன் கைகாலுக்குப் பயிற்சி. எப்படி இருக்கிறாய் என்று யாராவது கேட்டால், "பரவாயில்லை" என்பாள். அந்த ஊரில் வீடு எரிந்தவனும் அதைத்தான் சொல்வான்.

ஒவ்வொரு செப்டம்பரிலும் கிரெய்க் தன் வாடிக்கையாளர்களை ஏரிக்கரைக்குக் கூப்பிட்டு மூன்று நாள் முகாம் போடுவான். எல்னா ஒருமுறைகூடப் போனதில்லை. அந்த வருஷம் அவனே அவள் மேசைக்கு வந்தான்.

"எல்னா, சனிக்கிழமை நீங்க முகாமுக்கு வரணும். ஒரு மெஷினைப் போட்டுக்கிட்டு உக்காந்தா போதும். கிழிசல் கிழிசலா கொண்டுவருவாங்க, தச்சுக் குடுங்க. உங்களைப் பாக்கணும்னு எல்லாருக்கும் ஆசை."

"என்னைப் பாக்க என்ன இருக்கு?"

"அவங்க கோட்டைச் செஞ்ச கை."

"கையை மட்டும் அனுப்பி வைக்கிறேன். மீதி ஆள் வீட்ல படுத்துத் தூங்கட்டும்."

கிரெய்க் சிரித்தான். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆனாலும் போனாள்.

கரையில் வெள்ளைக் கித்தான் கூடாரங்கள் வரிசையாக நின்றன. முப்பத்துநாலு பேர். இரும்புச் சட்டியில் பன்றிக்கறி வறுபட்டுக்கொண்டிருந்தது. எல்னா ஒரு பைன் மரத்தடியில் மேசை போட்டு, கத்தரிப்பூ நிற நைலான் கோட்டுடன் உட்கார்ந்திருந்தாள். படம் எடுத்தவர்கள் அந்தக் கோட்டு விழாதபடி பார்த்து எடுத்தார்கள்.

பத்து மணிவாக்கில் ஓர் உயரமான கிழவர் வந்து, தான் போட்டிருந்த கோட்டைக் கழற்றி அவள் முன் விரித்தார். லீலண்ட் புரூட்டி, டொலீடோவில் நாற்பது வருஷம் பல் பிடுங்கியவர்.

"இதை நீங்கதானே செஞ்சீங்க?"

தோளைப் பார்த்ததுமே எல்னாவுக்குத் தெரிந்துவிட்டது. "நான்தான். கழுத்துல தையல் விட்டிருக்கு. குடுங்க."

"பதினோரு வருஷமாச்சு வாங்கி. என் வீட்டுக்காரி இதை 'உங்க சின்ன வீடு'ன்னு சொல்வா. வாரம் ஒருநாள் இதை மாட்டிக்கிட்டு மீன்பிடிக்கப் போயிடுவேனா, திரும்பி வந்தா, 'என்ன, அவ நல்லா இருக்காளா?'ன்னு கேப்பா."

"அவங்க வரலியா?"

"பிப்ரவரியில போயிட்டா."

எல்னா தலையை ஆட்டினாள். ஊசி ஓடிக்கொண்டிருந்தது. அவர் போகாமல் நின்றார்.

"இன்னிக்கு ஒத்தை ஆளா படகு எடுத்துக்கிட்டு வடக்கு வளைகுடா வரைக்கும் போய்ட்டு வரலாம்னு இருக்கேன். செல்போன் கிடையாது. வரைபடம், திசைகாட்டி, ஒரு தீப்பெட்டி. அவ இருந்தவரைக்கும் தனியா போக விட்டதில்ல."

எல்னா அந்த ஏரிக்கரையில் பிறந்தவள். மேற்கே வானம் ஈயம் போலக் கறுத்திருந்ததைக் காலையிலேயே பார்த்திருந்தாள். "டாக்டர், மத்தியானத்துக்கு மேல மழை வரும்."

"வரட்டுமே. மழைக்குத்தானே இந்தக் கோட்டு."

அந்த நிமிஷத்தில் அவள் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். தேய்த்த தோளில் மெழுகும் இல்லை, பாதி நூலும் இல்லை. பார்வைக்குத்தான் அது கோட்டு. நல்ல மழையில் அது தாங்காது. வாய்வரை வந்தது. அதற்குள் நூல் அறுந்தது. பின்னால் இரண்டு பேர் கிழிந்த பைகளோடு நின்றார்கள். முந்தின இரவு வெஸ்லியை நான்கு தடவை புரட்டிப் படுக்கவைத்த களைப்பு கண்ணைச் சுழற்றியது. தைத்த கோட்டை உதறி அவரிடம் கொடுத்தாள். "ஒரு மணிக்குச் சாப்பாடு. வந்துருங்க" என்று மட்டும் சொன்னாள்.

பன்னிரண்டுக்குக் காற்று திரும்பியது. அரை மணியில் மழை பிடித்துக்கொண்டது; பனிக்கட்டியாய்ச் சில்லிட்ட செப்டம்பர் மழை. எல்லாரும் கூடாரத்துக்குள் ஒண்டி, காட்டரிசிச் சூப்பைக் குடித்துக்கொண்டு, இதுதான் நிஜமான முகாம் என்று மகிழ்ந்தார்கள். எல்னா தலைகளை எண்ணினாள். ஒன்று குறைந்தது. ஒன்றரை ஆயிற்று, இரண்டரை ஆயிற்று.

"கிரெய்க், அந்தப் பல் டாக்டர் இன்னும் வரல. ஷெரீஃபுக்குப் போன் பண்ணு."

"இன்னொரு அரை மணி பாப்போம் எல்னா. அவர் பழக்கப்பட்டவர். சும்மா ஷெரீஃப் படகு வந்து நின்னா எல்லாரும் படம் எடுத்துப் போட்டுருவாங்க."

"நீ பாத்துக்கிட்டு நில்லு. பாத்துக்கிட்டே போன் பண்ணு." எழுந்து மழையில் நடந்தாள்.

துறையில் வெஸ்லியின் தம்பி ஆர்னி தன் மோட்டார் படகில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தான். முகாமுக்குச் சாமான் ஏற்றி இறக்குவது அவன் வேலை.

"இந்த மழையில நீ எதுக்கு அண்ணி? சொல்லு, நான் போறேன்."

"எந்தப் பக்கம் போவே? அவர் போற வழியை என்கிட்டதான் சொன்னார். எடு படகை."

"அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைத் திட்டுவான்."

"திட்ற அளவுக்கு வாய் வந்துச்சுன்னா நானே உனக்கு விருந்து வைக்கிறேன். எடுடா."

அலை படகின் மூக்கைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கரையின் இரண்டாவது முனை தாண்டியதும், பாறைமேல் இழுத்துப் போடப்பட்டிருந்த துடுப்புப் படகு தெரிந்தது. புரூட்டி அதற்குப் பக்கத்தில், ஒரு தேவதாரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காற்று திரும்பியதும் புத்தியாகக் கரையேறியிருக்கிறார். நெருப்பு மூட்டப் பார்த்திருக்கிறார். தொய்ந்து வாய்பிளந்த பைக்குள் மழை நேராக இறங்கி, தீப்பெட்டி கூழாகியிருந்தது. காலடியில் ஈரக் குச்சிகள் சிதறிக் கிடந்தன.

"ஓ, நீங்களா" என்றார். நாக்கு குழறியது. "சாப்பாட்டுக்கு நேரமாச்சோ?"

"குளிருதா டாக்டர்?"

"இல்லியே. முன்னாடி குளிர்ந்துச்சு. இப்ப இல்ல."

குளிரில் உடம்பு நடுங்குவதை நிறுத்திவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று அந்த ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கோட்டைப் பிரித்துக் கழற்றினாள். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி இன்னும் முத்துமுத்தாக நின்றது. அங்கெல்லாம் கித்தான் தன் வேலையைச் செய்திருந்தது. தோள் வழியாகத்தான் இறங்கியிருந்தது. உள்ளே கம்பளிச் சட்டை கழுத்திலிருந்து இடுப்புவரை நனைந்து கனத்தது.

ஆர்னி தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தான். எல்னா நனைந்த சட்டையை உருவிவிட்டு ஸ்வெட்டரை அவருக்குப் போட்டு, மேலே தன் நைலான் கோட்டை மாட்டி ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தாள். இருவரும் கைத்தாங்கலாக அவரைப் படகில் ஏற்றினார்கள். அவள் அடித்தட்டில் உட்கார்ந்து, மெல்லிய பருத்திச் சட்டையோடு, அவரை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தூங்க விடக்கூடாது என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

"இது என்ன நிறம்?" என்று முனகினார்.

"கத்தரிப்பூ."

"ரொம்ப அசிங்கமா இருக்கு."

"மளிகைக் கடையில வாங்கினது. அப்படித்தான் இருக்கும். பேசிக்கிட்டே வாங்க."

"எங்க வாங்கினீங்க?"

"இப்பதானே சொன்னேன். மறுபடியும் கேளுங்க. சொல்றேன்."

கிரெய்க் போன் செய்துதான் இருந்தான். துறையில் ஆம்புலன்ஸ் நின்றது. முகாமே மழையில் வந்து நின்று பார்த்தது. ஒருவரும் படம் எடுக்கவில்லை. புரூட்டி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து எழுந்தார். எல்னா அன்றைக்கு வீட்டுக்குப் போய், டோரிஸை அனுப்பிவிட்டு, வெஸ்லிக்குச் சாப்பாடு ஊட்டினாள். நடந்ததை அவனிடம் சொன்னாள். அவன் நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து, வெகுநேரம் முயன்று, "முட்டாள்" என்றான். யாரைச் சொன்னான் என்று அவள் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அந்தக் கோட்டு அவள் மேசைக்கு வந்திருந்தது. ஜன்னலில் தூக்கிப் பிடித்தாள். தோளில் வெளிச்சம் சல்லடை போல ஊடுருவியது. அதை எடுத்துக்கொண்டு கிரெய்க்கின் அறைக்குப் போனாள்.

"இனிமே தோளைத் தேய்க்க மாட்டேன்."

"எல்னா, அவர் வானிலை பாக்காம போனார். அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நான் பாத்தேன். மழை வரும்னு சொன்னேன். கோட்டு தாங்காதுன்னு சொல்லல. அதைச் சொல்லியிருந்தா போயிருக்க மாட்டார்."

"இதெல்லாம் ஆசைக்குப் போடற கோட்டுங்க. இதை நம்பி யார் காட்டுக்குப் போறா?"

"உன் விளம்பரப் புத்தகத்துல அப்படியா போட்டிருக்கே? 'எந்த மழைக்கும் அசையாது'ன்னு போட்டிருக்கே."

இரண்டு நாள் கழித்துக் கிரெய்க் ஒரு கட்டுச் சீட்டுகளைக் கொண்டுவந்து வைத்தான். துணியில் அச்சடித்த சின்னச் சீட்டு: கடும் மழைக்கு ஏற்றதல்ல. எறும்பெழுத்து. உள்பைக்கு அடியில் தைக்கச் சொன்னான். ஏற்கெனவே தேய்த்து வைத்திருந்தவற்றில் எல்னா நாற்பது கோட்டில் தைத்தாள். நாற்பத்தொன்றாவதில் கையை எடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் சாயத்தில் இறங்கினாள். தேய்க்காமலே தேய்ந்ததுபோலக் காட்டவேண்டும். வெளுத்த மண்நிறம் ஒரு பூச்சு, காயவைத்து அதன்மேல் சாம்பல் நிறம், பிறகு ஓரங்களில் மட்டும் பஞ்சால் ஒற்றி, மேலே மறுபடி மெழுகு. முதல் ஏழு கோட்டும் சொறி பிடித்த நாய் மாதிரி வந்தன. எட்டாவது தேறியது. அதைக் கிரெய்க்கின் மேசைமேல் விரித்து, கெண்டியிலிருந்த தண்ணீரைத் தோளில் ஊற்றினாள். தண்ணீர் உருண்டு அவன் காகிதங்களுக்குள் ஓடியது. அவன் துணியைத் தடவிப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு நாளைக்கு ஆறு கோட்டு முடிச்சுக்கிட்டிருந்தீங்க."

"இனிமே ரெண்டு."

"ரெண்டை வெச்சு நான் எப்படி எல்னா..."

"மூணாவது வேணும்னா நீயே வந்து தேய். கல்லு அங்கதான் இருக்கு."

அவன் வரவில்லை. பைகளுக்கு உள்மூடி வைக்கவும் சம்மதித்தான். ஆனால் ஒரு கோட்டுக்கு ஐந்து தடவை குனிந்து நிமிர வேண்டியிருந்ததால் அவளுடைய இடுப்பு வலி கூடியது. நல்லது செய்தால் களைப்பு குறையும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

புரூட்டிக்கு ஒரு கடிதம் எழுதினாள். தோளைத் தேய்த்தது, பைகளைப் பிளந்தது, அன்று காலை சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, மன்னிக்கவேண்டும் என்று முடித்தாள். பத்து நாளில் பதில் வந்தது. 'தோள் வெளுத்திருக்கணும்னு கேட்டு வாங்கினது நான்தான். என் மனைவி இருந்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் திட்டியிருப்பா. கோட்டை அனுப்பி வைங்க.' அவள் இரண்டு தோளிலும் புதுக் கித்தானை ஒட்டுப்போட்டுத் தைத்தாள். நிறம் ஒத்துப்போகவில்லை; பொருட்படுத்தாமல் அப்படியே அனுப்பினாள்.

அடுத்த செப்டம்பரில் அந்த ஒட்டுக் கோட்டோடு அவர் முகாமுக்கு வந்தார். படகுப் பக்கமே போகவில்லை. காலையில் இரண்டு கோப்பைக் காப்பியோடு எல்னாவின் மேசைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"ரெண்டு அடி நடக்கிறார். பிடிச்சுக்கிட்டு."

"நீங்க?"

பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், "தூக்கம் வருது டாக்டர்" என்றாள்.

"தூங்குங்களேன்."

"தைக்கக் குடுத்துட்டுப் போயிருக்காங்க."

"எங்கயும் போகாது."

ஏரியில் காற்றில்லை. வெயில் இளசாக இருந்தது. எல்னா நாற்காலியில் தலையைச் சாய்த்தாள். கிழிந்த பையோடு ஒருவர் வந்தார். புரூட்டி உதட்டில் விரலை வைத்து, அப்புறம் வாருங்கள் என்று சைகை காட்டினார். அதன்பின் வந்தவர்களையும் அப்படியே திருப்பி அனுப்பினார். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.