கடைமடைக் கச்சேரி

என் கச்சேரியைத் தண்ணீர் வந்து கலைத்துவிட்டது என்று சொன்னால், மழையா என்று கேட்கிறார்கள். மழை இல்லை ஐயா, ஆற்றுத் தண்ணீர்!

திருவிழா மேடைகளில் கிடார் வாசித்தே தலை நரைத்தவன் நான். தஞ்சாவூர், திருவாரூர், பேராவூரணி என்று குழுவின் வேனில் போகாத ஊர் இல்லை. பாடுகிறவர் பெயரை மைக்கில் முழங்குவார்கள். எங்களை "மற்றும் இசைக்குழுவினர்" என்று முடித்துவிடுவார்கள். அந்த 'மற்றும்'தான் நான். வீட்டுக்கு வந்தால் கரண்டில் செருகாத மரக் கிடாரை எடுத்துக்கொண்டு சொந்தமாக மெட்டுப் போடுவேன். நடவுப் பாட்டும் தெம்மாங்கும் கேட்டு வளர்ந்த காது. அந்த வாசனையில்தான் எல்லாம் வரும். வார்த்தை கிடையாது, ஆறு தந்தி மட்டும். அந்த மெட்டுகள் போனில் பரவி, இப்போது என்னைத் தனியாக வாசிக்கக் கூப்பிடுகிறார்கள். இந்த வயதில்! கால் தரையில் பாவவில்லை எனக்கு.

ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. என் அண்ணன். எங்கள் நிலத்தைக் கட்டிக் காக்கிறவர். என் மெட்டு ஒன்றைக்கூட அவர் முழுதாகக் கேட்டதில்லை. மாட்டைப் பார்க்க, மோட்டாரைப் பார்க்க, ஒன்றும் இல்லையென்றால் வானத்தைப் பார்க்க என்று பாதியில் எழுந்துவிடுவார். "நல்லாத்தான்டா இருக்கு, டொய்ங் டொய்ங்குன்னு" என்பார். பற்றிக்கொண்டு வரும். ஊர் உலகமே கைதட்டினாலும், அவர் உட்கார்ந்து ஒன்றை முழுசாகக் கேட்காமல் என் மனசு ஆறாது.

அதற்காகவே எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் தனிக் கச்சேரி வைத்தேன். தேதியை அண்ணனிடமே கேட்டுத்தான் குறித்தேன்.

"மேட்டூர் தொறந்தாச்சு. ஆனா நமக்கு வர இன்னும் நாளாவும். கடைமடைக்கு என்னிக்குடா சொன்ன நாள்ல தண்ணி வந்துருக்கு? தைரியமா வை" என்றார்.

சொன்னது நியாயம்தான். வாய்க்காலின் கடைசி ஊர் எங்களுடையது. மேலே இருக்கிறவர்கள் எல்லாரும் பாய்ச்சியது போக மிச்சம்தான் எங்களுக்கு.

கச்சேரியன்று காலையிலேயே மண்டபம் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் சலவை வேட்டியோடு அண்ணன். முதல் மெட்டே அவருக்காகப் போட்டது. அவர் வரப்பில் நடக்கிற நடையைத்தான் அதற்குத் தாளமாக வைத்திருந்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை. வாசிக்க ஆரம்பித்தேன். அண்ணன் தலை லேசாக ஆடியது. சத்தியமாக ஆடியது! இன்னும் பாதிதான், முருகா, அவரை உட்கார வை என்று வேண்டிக்கொண்டே வாசிக்கிறேன், வாசலில் ஒரு பைக் வந்து நின்றது.

"தண்ணி வந்துட்டு! பாலத்துகிட்ட வந்துட்டு!"

அவ்வளவுதான். நாற்காலிகள் சரிந்தன. முதல் பந்திக்குக்கூட எங்கள் ஊர் அப்படி ஓடிப் பார்த்ததில்லை. அண்ணன் எழுந்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். முகத்தில் அப்படி ஒரு தவிப்பு. காய்ந்து கிடக்கிற வயலுக்குத் தண்ணீர் வந்திருக்கிறது, நான் என்ன கல்லா?

"போங்கண்ணே, போங்க!" என்றேன்.

"நா மட்டுமா போறது? எந்திரிடா! அதையும் தூக்கிட்டு வா!"

அவருடைய மொபெட்டின் பின்னால் கிடாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பறந்தேன். வாய்க்கால் கரையில் ஊரே நின்றது. சருகையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் தள்ளிக்கொண்டு, நுரையோடு, கலங்கலாக வந்தது பாருங்கள் தண்ணீர்! மஞ்சளையும் பூவையும் வீசினார்கள். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று கேட்டால் தெரியாது.

அண்ணன் பக்கத்தில் நின்றவரின் மண்வெட்டியை வாங்கி எங்கள் மடையை வெட்டிவிட்டார். வெடித்துக் கிடந்த வயலுக்குள் தண்ணீர் இறங்கியது. அதற்குப்பிறகு அவருக்கு ஒரு வேலையும் இல்லை. தண்ணீர் வயலின் மறுகோடிக்குப் போய்ச் சேரும்வரை மடையை விட்டு நகரக்கூடாது, அதுதான் வேலை. சலவை வேட்டியோடு வரப்பில் உட்கார்ந்தார்.

"பாதியில வுட்டியே, அத மொதல்லேருந்து வாசி" என்றார்.

மைக் இல்லை, மேடை இல்லை. பக்கத்தில் மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம். நானும் வரப்பில் உட்கார்ந்து வாசித்தேன். அண்ணன் எழுந்திருக்கவில்லை. வானத்தைப் பார்க்கவில்லை. மெட்டு முடிந்தது, முழுசாக முடிந்தது. கேட்டுவிட்டார்! அந்தச் சேற்றிலேயே குதித்து ஆடலாம் போல இருந்தது எனக்கு.

அண்ணன் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஏன்டா, இது நா வரப்புல நடக்குற மாதிரில்ல இருக்கு?"

தலையை ஆட்டினேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வயலைப் பார்த்தார்.

"இன்னொண்ணு வாசி. தண்ணி இன்னும் அந்த மூலைக்குப் போவல."